கொட்டானும் கைப்பையும்
(விழா அவையில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்குரிய வினா எளியது. இலட்சக்கணக்கில் விலை சொல்லப்படும் அயல்நாட்டுக் கைப்பைகள் அவ்விலைக்குத் தகுதி உடையனவா? அற விழாவில் பைகளைப் பற்றிப் பேசுவானேன் என்று பெரியோர் சிலர் எண்ணலாம். ஆனால் இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் ஐந்தாவது பொருள் வரைதல். அந்த விரதம் கோயில் மண்டபத்தில் மட்டும் கடைப்பிடிக்கப்படுவதன்று; கடைவீதியிலும் கடைப்பிடிக்கப்பட வேண்டும். ஆகவே இவ்வினா இந்த அவைக்கு உரியதே.

விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருமயத்திலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் அமைந்த கீழச்சிவல்பட்டியிலிருந்தே தொடங்கலாம். பாடுவார் முத்தப்பர் என்னும் புலவரைத் தந்த ஊர் அது. செட்டிநாட்டின் மற்ற நகரத்தார் ஊர்களைப் போலவே அங்கும் மங்கல நிகழ்ச்சிகளில் கொட்டானுக்குத் தனியிடம் உண்டு. அரிசியும் தேங்காயும் பழமும் பலகாரமும் கொட்டானில் வைத்தே வழங்கப்பெற்றன.

கொட்டான் பனையோலையால் ஆனது. ஓலையை வெயிலில் உலர்த்துவர், ஈர்க்கை நீக்குவர், ஒரே அகலமுள்ள இழைகளாகக் கிழிப்பர், சாயம் ஏற்றுவர், நீரில் நனைத்துப் பதப்படுத்தி விரல்நுனியால் முடைவர். பின்னர் நூற்பின்னலும் மணியும் துணியும் கொண்டு அதற்கு மேலாடை அமைப்பர். இப்பணியை ஆச்சிமார் தம் வீட்டுத் திருமணத்திற்காகத் தாமே செய்தனர். அந்தக் கொட்டானுக்கு விலைச்சீட்டு இல்லை. ஆனால் மதிப்பு இருந்தது. கொடுத்த வீட்டின் பெயரும் முடைந்தவர் விரலின் நேர்த்தியும் அதில் ஒட்டியிருந்தன.

எவர்சில்வரும் பிளாசுடிக்கும் வந்தபின் கொட்டான் மறையத் தொடங்கிற்று. முடையத் தெரிந்த கைகள் குறைந்தன. அந்நிலையில் விசாலாட்சி இராமசாமி என்னும் அம்மையார் தம் பண்பாட்டு அறக்கட்டளையின் வழியாகச் செட்டிநாட்டுக் கிராமப் பெண்களுக்கு இக்கலையைப் பயிற்றுவித்து மீட்டெடுத்தார். யுனெசுகோவின் கைவினைச் சிறப்பு முத்திரையும் இந்திய அரசின் புவிசார் குறியீடும் செட்டிநாட்டுக் கொட்டானுக்குக் கிடைத்தன. இருந்தும் ஒரு நல்ல கொட்டானைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கவே இன்று பலர் பேரம் பேசுகின்றனர். அதே கை, பெயர் பொறித்த பைக்கு இலட்சம் கொடுக்கும்போது பேரம் பேசுவதில்லை. இந்த முரண்பாட்டில்தான் இன்றைய வினாவின் வேர் இருக்கிறது.

உலகின் மிகப் புகழ்பெற்ற கைப்பையின் வரலாற்றிலும் ஒரு முடைந்த கூடை உண்டு என்பது வியப்பான செய்தி. சேன் பிர்க்கின் என்னும் நடிகையும் பாடகியுமான பெண்மணி, கைப்பைக்கு மாற்றாக ஒரு பின்னற்கூடையையே எங்கும் எடுத்துச் செல்லும் வழக்கமுடையவர். 1980களின் தொடக்கத்தில் ஒரு விமானப் பயணத்தில் அவருடைய பொருள்கள் சிதறி விழுந்தன. அருகில் அமர்ந்திருந்தவர் பாரிசு நகரின் எர்மேசு நிறுவனத் தலைவர் சான் லூயி துமா. ஓர் இளந்தாய்க்கு ஏற்ற பெரிய பை கிடைப்பதில்லை என்று அப்பெண்மணி குறைப்பட, இருவரும் பேசி வடிவம் வகுத்தனர். 1984இல் அவர் பெயராலேயே அந்தப் பை வெளிவந்தது. இன்று அவ்வகைப் புதிய பையின் விலை பத்தாயிரம் டாலருக்கு மேல், அதாவது எட்டு இலட்சம் ரூபாய்க்கு மேல். அவர் தாமே பயன்படுத்திய முதற்பை 2025 சூலை 10ஆம் நாள் பாரிசில் சாத்பீசு ஏல நிறுவனத்தாரால் ஏலம் விடப்பட்டு, ஏறத்தாழ 86 இலட்சம் யூரோவுக்கு விலை போயிற்று. நம் நாட்டுக் கணக்கில் அது சுமார் 86 கோடி ரூபாய்.

அந்தப் பை தேய்ந்தது, கறை படிந்தது, ஒட்டுவில்லைகள் ஒட்டியிருந்த தடம் உடையது. அதை அவர் 1994இல் எய்ட்சு நோயாளர் நலனுக்காக ஏலத்திற்குக் கொடுத்துவிட்டார். உலகமே விரும்பிய பொருளை உடையவர் எளிதாகக் கைவிட்டார். பிறகு வாங்கியவர்கள்தாம் அதைப் பேணிக் காத்தார்கள்.

இனி, கணக்குக்கு வருவோம். நகரத்தார் வணிகத்தில் ஐந்தொகை போட்டுப் பார்க்காமல் எந்த முடிவும் எடுப்பதில்லை. இந்தக் கைப்பைக்கும் ஐந்தொகை போட்டுப் பார்ப்பதே முறை. விலையை நான்கு பற்றுகளாகப் பிரிக்கலாம். ஒன்று மூலப்பொருள். இரண்டு கைவினை உழைப்பு. மூன்று பயன். நான்கு பெயர்.

முதலில் மூலப்பொருள். விலையுயர்ந்த பை என்றாலே உயர்ந்த தோல் என்பது பலர் நம்பிக்கை. அது எப்போதும் உண்மையன்று. லூயி வுய்த்தோன் நிறுவனம் 1854இல் பாரிசில் பெட்டி செய்யும் கடையாகத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற எழுத்துக்கோலம் 1896இல் உருவாயிற்று. போலி செய்வோரைத் தடுப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. அக்கோலம் பொறித்த பைகளின் உடற்பகுதி பெரும்பாலும் தோலன்று. பருத்தித் துணியின்மேல் பிளாசுடிக் பூச்சு ஏற்றிய கித்தானே. உறுதியான பொருள்தான், ஐயமில்லை. ஆனால் இலட்சம் ரூபாய் அந்தத் துணிக்காகக் கொடுக்கப்படவில்லை என்பதும் தெளிவு.

இரண்டாவது உழைப்பு. எர்மேசு போன்ற நிறுவனத்தில் ஒரு பையை ஒரே கைவினைஞர் தொடக்கம் முதல் முடிவு வரை இரட்டை ஊசியால் கையாலேயே தைக்கிறார். அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. எல்லாப் பெயர்களின் பின்னும் அத்தகைய உழைப்பும் அதற்குரிய கூலியும் இருக்கின்றனவா என்பதே கேள்வி. 2024ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நீதிமன்றம், அர்மானி குழுமத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தையும் டியோர் குழுமத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தையும் நீதிமன்ற மேற்பார்வையின்கீழ் வைத்தது. துணை ஒப்பந்தக்காரர்களின் பட்டறைகளில் தொழிலாளர் பணியிடத்திலேயே உறங்கி, நெடுநேரம் உழைக்க வைக்கப்பட்டதைப் புலனாய்வாளர்கள் கண்டனர். நீதிமன்ற ஆவணங்களின்படி, ஒரு டியோர் பையைச் செய்து தந்ததற்கு ஒப்பந்தக்காரர் பெற்றது 53 யூரோ. கடையில் அதன் விலை 2,600 யூரோ. தோல் முதலிய மூலப்பொருளின் விலை அந்த 53 யூரோவில் சேராது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்நிறுவனங்கள் தம் மேற்பார்வை முறைகளைச் சீர்செய்தபின் நீதிமன்ற நடவடிக்கை முன்கூட்டியே விலக்கிக்கொள்ளப்பட்டது என்பதும் உண்மை. ஆயினும் ஒரு பாடம் நிற்கிறது. விலை உயர்ந்தது என்பதாலேயே செய்தவர் வயிறு நிறைந்தது என்று கொள்ள முடியாது.

மூன்றாவது பயன். இங்கே ஆண்கள் கொஞ்சம் அமைதியாகக் கேட்க வேண்டும். பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை அற்பப் பொருளன்று. வீட்டின் கணக்கெல்லாம் ஆண்கள் கையில் இருந்த காலத்தில், ஒரு பெண் தன் காசு என்று வைத்திருந்த ஒரே இடம் அது. வெற்றிலை பாக்கோடு பேரனுக்குக் கொடுக்கும் நாலணாவும் அதில் இருந்தது. இன்று வேலைக்குச் செல்லும் பெண்ணின் கைப்பையில் மடிக்கணினி, அடையாள அட்டை, மருந்து, சாவி, உணவு, குடை எல்லாம் இருக்கின்றன. நாள்தோறும் பேருந்திலும் தொடர்வண்டியிலும் பத்து மணி நேரம் தோளில் தொங்கும் பொருள் உறுதியாகவும் அழகாகவும் இருக்க வேண்டும் என்று அவள் விரும்புவது பேராசையாகாது. பல இலட்சத்திற்குக் கைக்கடிகாரமும் தேவைக்கு மேல் மகிழுந்தும் வாங்குவோர், பெண்ணின் பையை மட்டும் ஆடம்பரம் என்று பழிப்பது முறையன்று. அளவுகோல் எல்லார்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் பயனுக்கும் ஓர் எல்லை உண்டு. நல்ல தையலும் உறுதியான வாரும் பழுதுபார்க்கத்தக்க அமைப்பும் உள்ள பையைச் சில ஆயிரம் ரூபாய்க்கு இந்நாட்டிலேயே செய்கிறார்கள். 1978இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட இடிசைன் நிறுவனம் உலக நாடுகளுக்கே கைப்பைகளை அனுப்புகிறது. ஐயாயிரம் ரூபாய்ப் பை சுமப்பதைவிட ஐந்து இலட்சம் ரூபாய்ப் பை நூறு மடங்கு மிகுதியாகச் சுமப்பதில்லை. மாறாக, மழையில் நனையுமோ, கீறல் விழுமோ, யாரேனும் பறிப்பரோ என்ற அச்சத்தால் அது பல நாள் பேழைக்குள்ளேயே உறங்குகிறது. உடையவளைப் பை சுமக்க வேண்டியிருக்க, பையை உடையவள் காக்க வேண்டியதாகிறது.

நான்காவது பெயர். மூலப்பொருளும் உழைப்பும் பயனும் கழித்த பின் எஞ்சும் பெருந்தொகை முழுவதும் பெயருக்கே செல்கிறது. இதற்கு எளிய சான்று போலிப் பைகள். பார்ப்பவர் கண்ணுக்கு அசலும் போலியும் ஒன்றாகவே தெரியுமாயின், பார்ப்பவர்க்காகக் கொடுத்த பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டது? அதற்காகப் போலியை வாங்குவதும் தீர்வன்று. போலியைச் சுமப்பது பேசாமலே சொல்லும் பொய். ஐந்தாம் விரதத்தைக் காக்கப் போய் இரண்டாம் விரதமாகிய பொய்யாமையை இழப்பது கூடாது.

பெயரின் விலையைக் காப்பதற்கு நிறுவனங்கள் எதுவரை செல்கின்றன என்பதற்கும் சான்று உண்டு. பர்பெரி என்னும் பிரித்தானிய நிறுவனம் ஓராண்டில் 2 கோடியே 86 இலட்சம் பவுண்டு மதிப்புள்ள விற்காத பொருள்களை அழித்ததாக 2018இல் அதன் ஆண்டறிக்கையிலேயே வெளியாயிற்று. விலை குறைத்து விற்றால் பெயர் குறையும் என்ற அச்சமே காரணம். உலகெங்கும் எழுந்த கண்டனத்திற்குப் பின் அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. புதிய பொருளைப் பிறர்க்குக் கொடுப்பதைவிட எரிப்பது நன்று என்று கருதும் கணக்கில் மனிதர் எங்கே இருக்கிறார் என்று தேடிப் பார்க்க வேண்டும்.

"பை ஒரு முதலீடு, பின்னாளில் கூடுதல் விலைக்கு விற்கலாம்" என்பாரும் உளர். ஒரு சில அரிய பைகளுக்கு அது பொருந்தும். பெரும்பாலானவை கடைவாயிலைத் தாண்டியவுடனே பழைய பொருளாகிவிடுகின்றன. இதைச் செட்டிநாட்டார்க்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி, இத்தாலியப் பளிங்கு பதித்து, அயல்நாட்டு விளக்குகள் தொங்கவிட்டுக் கட்டிய வளவு வீடுகள் அந்நாளின் பெருமைச் சின்னங்கள். 1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது, அங்குச் சேர்த்த நிலமும் வணிகமும் கைவிட்டுப் போயின. பின்னர்ப் பல வீடுகள் பூட்டப்பட்டன, சில இடிக்கப்பட்டன. அவற்றின் கதவும் தூணும் கண்ணாடியும் பீங்கானும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆசையோடு வாங்கிய பாட்டன் யார் என்று வாங்க வருபவர்க்குத் தெரியாது. பொருள் நிற்கும், அதற்குக் கொடுத்த பெருமை உடன் நிற்பதில்லை. ஆனால் அதே பாட்டன்மார் கட்டிய பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இன்றும் பிள்ளைகள் பயில்கிறார்கள். அந்தப் பற்று மட்டும் இன்னும் வரவாகவே இருக்கிறது.

ஐந்தொகையில் எழுதப்படாத பற்று இன்னொன்றும் உண்டு. அது உயிர். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்டோர் இதை மறக்க இயலாது. மிக விலையுயர்ந்த பைகளுள் பல முதலைத் தோலால் ஆனவை. முதலைப் பண்ணைகளில் நடக்கும் கொடுமை பற்றிய செய்தி வெளியானபோது, 2015இல் சேன் பிர்க்கின் அம்மையாரே அத்தகைய பைக்குத் தம் பெயரை வைக்க வேண்டா என்று நிறுவனத்திடம் கேட்டார். நிறுவனம் விளக்கமும் உறுதிமொழியும் அளித்த பின்னரே அமைந்தார். தோலின் வரலாறு தமிழ்நாட்டு ஆற்றிலும் எழுதப்பட்டிருக்கிறது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகசுடில் உச்ச நீதிமன்றம் வரலாற்றுச் சிறப்புடைய தீர்ப்பு வழங்கியது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தோலுக்கு மாற்று என்று விற்கப்படும் செயற்கைத் தோலும் முழு விடையன்று. அதில் பெரும்பகுதி மண்ணில் மட்காத பிளாசுடிக்கே. துணியும் சணலும் ஓலையும் கோரையும் கொண்டு செய்தவற்றில் இந்த இரண்டு குறையும் இல்லை.

தமிழ்க் காப்பிய உலகில் பயணம் செய்யும் ஒரு பெண்ணின் உடைமை எவ்வளவு என்பதை இளங்கோவடிகள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். புகாரிலிருந்து மதுரைக்குக் கண்ணகியோடும் கோவலனோடும் நடந்த கவுந்தியடிகளின் கையிலும் தோளிலும் இருந்தவை கடிஞையும் உறியும் மயிற்பீலியும் மட்டுமே. பிச்சைப் பாத்திரம் ஒன்று, தோள் உறி ஒன்று, சிற்றுயிர்களை விலக்க ஒரு பீலி. துறவியின் அளவு அது. கண்ணகியிடமோ விலை மதிப்பற்ற சிலம்பு இருந்தது. அச்சிலம்பை விற்கப் போன இடத்தில்தான் கோவலன் உயிர் போயிற்று. இல்லறத்தார் கவுந்தியைப் போல் வாழ இயலாது. யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் இரண்டு சுமைகளில் எது கனமானது என்று எண்ணிப் பார்க்கலாம்.

பனையோலைக்கும் ஒரு பெருமை சொல்ல வேண்டும். திருத்தக்க தேவரின் சீவக சிந்தாமணி பல நூற்றாண்டு பிழைத்திருந்தது ஓலையில்தான். உ.வே.சாமிநாதையர் 1887இல் அதை அச்சேற்றியபோது, கும்பகோணத்துச் சமணப் பெரியோர்கள் ஐயம் தீர்த்து உதவினார்கள். அந்த ஏடு என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை. ஓலையின் மதிப்பு அது எதைத் தாங்கியது என்பதில் இருந்தது. பையின் மதிப்பும் அவ்வாறே.

தமிழாசிரியர்கள் அறிந்த ஒரு சொல் "பையுள்". தொல்காப்பிய உரியியல் அச்சொல்லுக்கு நோய் என்று பொருள் கூறுகிறது. பைக்கும் அச்சொல்லுக்கும் தொடர்பு இல்லை. ஆயினும் கடன் அட்டையில் தவணை போட்டுப் பை வாங்கியவர், பைக்குள் வைக்க ஒன்றும் இல்லாமல் மாதக் கடைசியில் படும் துன்பத்திற்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

அவ்வாறாயின், முதற்சம்பளம் வாங்கிய மகள் அத்தகைய பையை விரும்பினால் பெற்றோர் என்ன சொல்வது? கடிந்து பேசினால் அவள் மறைத்து வாங்குவாள். கேலி செய்தால் வீம்புக்கு வாங்குவாள். அவளோடு அமர்ந்து கணக்குப் போடுவதே நல்லது. மூன்று கேள்விகள் போதும். இந்தப் பணம் கையில் இருக்கிறதா, இனிமேல்தான் ஈட்ட வேண்டுமா? இதன் மேல் எழுதிய பெயரை அழித்துவிட்டாலும் இதே விலைக்கு வாங்குவாயா? இதைத் தூக்கிக்கொண்டு மழையில் நடக்க முடியுமா? மூன்றுக்கும் மனமொப்பி விடை சொல்லக்கூடியவள் எதை வாங்கினாலும் கெட்டுப்போக மாட்டாள். பெரும்பாலோர் இரண்டாவது கேள்வியிலேயே சிரித்துவிடுவர்.

பொருள் வரைதல் என்பது பொருளே வேண்டா என்பதன்று. நிலம், வீடு, பொன், தானியம் என ஒவ்வொன்றுக்கும் எல்லையைத் தானே முன்கூட்டி வகுத்துக்கொள்வது. கடைக்குள் நுழைந்தபின் எல்லை வகுக்க முடியாது. அங்கே விளக்கொளியும் விற்பவர் புன்னகையும் எல்லையை நகர்த்திவிடும். வீட்டிலேயே எண்ணிக்கையும் விலையும் முடிவு செய்து, எழுதி வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். எல்லைக்கு மேற்பட்ட பொருள் உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானத்திற்கு உரியது. ஒரு பைக்குச் சொல்லப்படும் எட்டு இலட்சத்தில் எத்தனை ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் அடங்கும் என்பதைக் கணக்கில் தேர்ந்த இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகவே தீர்ப்பு இது. நன்றாகத் தைத்த, நெடுநாள் உழைக்கும், செய்தவர்க்குக் கூலி சேர்ந்த, உயிர்க்கு ஊறு இல்லாத பை, சற்று விலை கூடினாலும் தகும். அதற்கு மேல் பெயருக்காகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் பிறர் பார்வையை வாடகைக்கு எடுப்பதாகும். பிறர் வேறு பக்கம் திரும்பியதும் அந்த வாடகை வீணாகிவிடும்.

பைகளின் பெருமை மாறக்கூடியது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. மஞ்சள் பையைத் தூக்கி வருபவரைப் பட்டிக்காட்டார் என்று திரைப்படங்கள் நகையாடின. 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாசுடிக் பைகள் தடை செய்யப்பட்டன. 2021 திசம்பர் 23ஆம் நாள் தமிழ்நாடு அரசே "மீண்டும் மஞ்சப்பை" என்னும் இயக்கத்தைத் தொடங்கிற்று. நேற்று நாணியவர் இன்று நிமிர்ந்து சுமக்கிறார். பை மாறவில்லை, பார்க்கும் கண் மாறிற்று.

கண் மாறும் என்பதால் இந்த அவைக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு இல்லத்துத் திருமணங்களில் தாம்பூலத்தைப் பளபளக்கும் செயற்கைப் பையில் கொடுப்பதற்கு மாற்றாக, கொட்டானிலோ துணிப்பையிலோ கொடுக்கலாம். கொட்டான் வாங்கும்போது பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுக்கலாம். அந்தப் பணம் முடைந்த பெண்ணின் சுருக்குப்பைக்குப் போய்ச் சேரும். அதைவிடத் தகுதியான கைப்பை வேறில்லை.